குதிரைப் படம் போட்ட தொடர்கதை

கங்கப்பனுக்கு எதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னப் பிடிக்காது. வேர்க்கடலையைக்கூட முழுவதும் உரித்துக் குவித்துக்கொண்டு, பிறகுதான் வாயில் போட ஆரம்பிப்பான். இந்தக் குணம் வயிற்றோடு நின்றிருந்தால் பரவாயில்லை, படிப்பிலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

உத்தனப்பள்ளியில் பிறந்தவன். ஓசூரில் தொழிற்பேட்டை வந்த புதிதில் ஒரு பவுண்டரியில் சேர்ந்தான். வார்த்தெடுத்த இரும்பிலிருந்து மணலை உதறும் வேலை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வார இதழில் மாயாஜாலத் தொடர்கதை ஒன்று வர ஆரம்பித்தது. ஒரு மந்திரவாதி ஊர் மக்களின் தூக்கத்தையெல்லாம் மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். அதை மீட்க ஒரு பெண் வெள்ளைக் குதிரையில் கிளம்புகிறாள். ஷிப்ட் மாறி மாறித் தூக்கம் கெட்டுக் கிடந்தவர்களுக்கு அந்தக் கதை பைத்தியம் பிடிக்க வைத்ததில் ஆச்சரியமில்லை. கேண்டீனில் அதே பேச்சுதான்.

முதல் அத்தியாயத்தைப் படித்த கங்கப்பன் இதழை மூடி வைத்தான். வாரா வாரம் கிள்ளித் தருவதை வாங்கித் தின்ன அவனால் ஆகாது. முற்றும் போட்ட பிறகு மொத்தமாக உட்கார்ந்து படிக்கப்போவதாக அறிவித்தான். கூட வேலை பார்த்த ஜெபராஜ், திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், விழுந்து விழுந்து சிரித்தான்.

“நாளைக்கு நாம இருப்போமா, கத எழுதுறவன் இருப்பானா, யாருக்குவே தெரியும்? வர்றத வர்றப்பவே படிச்சிரணும்.”

“நீ நக்கித் தின்னு. நான் எல போட்டுச் சாப்புடுறன்” என்றான் கங்கப்பன்.

கண்ணில் பட்டால் இரண்டு வரியாவது படித்துத் தொலைப்போம் என்ற பயத்தில், பக்கங்களைக் கிழித்துச் சேர்க்கும் பொறுப்பை மனைவியிடம் விட்டான். நஞ்சம்மா ஆனேக்கல்காரி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் சண்டை போடுவாள். பள்ளியில் படித்தது மட்டும் கன்னடம். தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. கதையை முன்கூட்டியே சொல்லிக் கெடுக்க முடியாத ஆள், இந்தக் காரியத்துக்கு அவளைவிடத் தோதானவர் யார்? தலைப்புப் படத்தில் வெள்ளைக் குதிரை இருக்கும், அதைப் பார்த்துக் கிழித்தால் போதும் என்று சொல்லிக்கொடுத்தான்.

அவள் காய்ச்சலில் கிடந்த வாரத்தில்கூடத் தவறவிடவில்லை. சேர்ந்த பக்கங்களைக் கோணி ஊசியால் தைத்து, மைதாப் பசை தடவி, அட்டை போட்டுப் புத்தகம் புத்தகமாக அடுக்கினாள். மிச்ச இதழ் பழைய பேப்பர்காரனுக்குப் போயிற்று. ஒருநாள் வேலை முடிந்து வந்தவனிடம் வருத்தத்தோடு சொன்னாள்.

“ஏங்க, பாவம், உங்க குதிரைய வண்டியில பூட்டிட்டாங்க.”

கங்கப்பன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். “கதைய சொல்லாத. இனிமே அதப்பத்தி வாயத் தொறக்காத.”

அவள் திறக்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற மனைவி வாய்ப்பதும் சில சமயம் கேடுதான்.

பல வருடம் ஓடிய பிறகு, தொடர் முடிந்துவிட்டதென்று ஜெபராஜ் வந்து சொன்னான். முடிவையும் சொல்ல வந்தவனைக் கங்கப்பன் விரட்டினான். உடனே படித்திருக்கலாம். ஆனால் ஓவர்டைம், தங்கை கல்யாணம், சொந்த வீடு என்று ஒன்று மாற்றி ஒன்று வந்தது. நிம்மதியாக உட்காரும் நாள் வரட்டும் என்றிருந்தான். அதற்குள் பவுண்டரித் தூசு நெஞ்சில் படிந்துவிட்டது. கிருஷ்ணகிரியில் எக்ஸ்ரே பார்த்த டாக்டர் இனி வேலைக்கே போகக் கூடாது என்றார். நஞ்சம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு வேறு என்னவோ சொன்னார். அது என்னவென்று திரும்பும் பஸ்ஸில் அவள் முகத்தைப் பார்த்தே கங்கப்பன் தெரிந்துகொண்டான்.

இனி தனக்கென்று மிச்சமிருப்பது அந்தக் கதை ஒன்றுதான் என்று நினைத்தான். வேறெதுவும் நினைக்கத் தைரியமில்லை.

முதல் மூன்று புத்தகங்களும் தேனாக இறங்கின. அந்தப் பெண் ஆற்றைத் தாண்டினாள், பேசும் பாறைகளைத் தாண்டினாள். மந்திரவாதி குடியிருக்கும் பாதாளத்துக்குக் குதிரை இறங்காது என்பதால் அதை மரத்தில் கட்டிவிட்டு முதல் படியில் கால் வைத்தாள். தொடரும் என்றிருந்தது. ஆவலோடு நான்காவது புத்தகத்தைத் திறந்தான். வெள்ளைக் குதிரை இருந்தது, ஜட்கா வண்டியில் பூட்டியபடி. வண்டிக்குள் ஒரு மருமகள் பெட்டியோடு அழுதுகொண்டிருந்தாள். கதை பாதாளத்துக்குப் போனதும் தலைப்புப் படத்திலிருந்து குதிரை போய்விட்டது. அதே ஓவியர் அதே இதழில் ஒரு குடும்பக் கதைக்கு அதே மாதிரிக் குதிரையை வரைந்துவிட்டார். மீதிப் புத்தகங்கள் பூராவும் மாமியார் கொடுமையும் பாகப்பிரிவினையும்.

நஞ்சம்மாவைக் கூப்பிட்டுக் கத்த வாயெடுத்தான். இருமல்தான் வந்தது. இருமி ஓய்வதற்குள், அவள் அன்றைக்கே சொன்னது ஞாபகம் வந்தது. காதைப் பொத்திக்கொண்டது அவன்தான்.

ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்த ஜெபராஜிடம், வெட்கத்தை விட்டு, அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டான். ஜெபராஜ் நெற்றியைத் தேய்த்தான்.

“அந்தப் புள்ள செத்துரும்னு நெனைக்கேன். இல்ல, அது வேற கதையோ? அந்தந்த வாரம் படிச்சேன், அந்தந்த வாரம் மறந்துட்டேன்வே.”

கங்கப்பன் பழத்தை உரிக்காமலே கையில் வைத்திருந்தான். அன்றைக்கு அவன் மனது உடைந்ததைப்போல, பஸ்ஸில் நஞ்சம்மாவின் முகத்தைப் பார்த்தபோதுகூட உடையவில்லை.

மறுநாளிலிருந்து நான்காவது புத்தகம் தொடங்கி ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் திருப்பினான். அவள் தைத்த தையல் எதுவும் பிரியவில்லை. கடைசிப் புத்தகத்தையும் மூடிய சாயங்காலம், நஞ்சம்மா கஞ்சியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“முடிஞ்சிதுங்களா?”

“முடிஞ்சிது.”

“அந்தக் குதிரைய வண்டியிலருந்து அவுத்து உட்டாங்களா? இத்தன வருசமா கேக்கணும்னு இருந்தன்.”

“அவுத்து உட்டுட்டாங்க.”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. புத்தகங்களைப் பழைய சேலையில் பத்திரமாகச் சுற்றிப் பரணில் வைத்தாள். கங்கப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். அந்தப் பெண் பாதாளத்தின் முதல் படியிலேயே நின்றாள், ஊரில் ஒருவரும் தூங்கவில்லை. சாகிறவரைக்கும் அவனுக்கு அதற்குமேல் தெரியவில்லை.