மழையில் நடந்துகொண்டே இருந்தவர்

அலுவலகத்தில் அவரை எல்லோரும் சுவரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வீடியோ கேம் தயாரிக்கிற இடம் அது. கேம் வெளியாகும் முன் ஆடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பது அவர் வேலை. ஆடுவதென்றால் சண்டையும் புதையலும் இல்லை. கேமுக்குள் இருக்கும் ஊரில் ஒரு சுவர் விடாமல் போய் முட்ட வேண்டும். எங்காவது ஆள் சுவருக்குள் புகுந்துவிட்டால் எழுதி அனுப்ப வேண்டும். ஒன்பது வருடம் சட்டைத் தொழிற்சாலையில் பிசிறு பார்த்துப் பழகிய கண். நாலாயிரம் சுவர் அவருக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

வீட்டில் கொழுந்தனின் நச்சரிப்புதான் தாங்கவில்லை. லிப்ட் மெக்கானிக்கான அவன் அந்த கேமுக்காகக் காத்துக் கிடந்தான். தேதி ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது.

“உள்ள உக்காந்து என்னதான் அண்ணி பண்றீங்க?”

“முட்டிக்கிட்டு இருக்கோம் தம்பி.”

மூன்றாவது தேதிக்குப் பதினோரு நாள் இருந்தது. ஒரு மதியம், கேமில் ஆற்றங்கரைக்கு வந்து படகுக்காக நின்றார். படகு வரவேயில்லை. அக்கரையில்தான் மீதிக் கதை. படகுக்காரர் வராவிட்டால் ஆடுகிறவர் கதி அதோகதி. முதலிலிருந்து ஆடினார். படகு சமர்த்தாக வந்தது. முப்பது தடவை ஆடியும் வந்தது.

“ஒரு தடவைதானே வரல, விட்டுடலாமே,” என்றார் மேலாளர்.

“சட்டையில ஒரே ஒரு நூல்தான் நீட்டிக்கிட்டு இருக்கும் சார். இழுத்தா கையே கழண்டு வரும்.”

மூன்று நாள் அதையே பிடித்துத் தொங்கினார். அன்று செய்ததை எல்லாம் நினைவுபடுத்தி, ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார். கடைசியில் பிடிபட்டது. தெருநாய்க்கு ரொட்டி போட்டு, அது வாலாட்டிக்கொண்டு பின்னால் வரும்போது மழை பிடித்தால் மட்டும் படகுக்காரர் காணாமல் போகிறார்.

புரோகிராம் எழுதும் பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்து துருவினாள். மழை வந்தால் ஊர்க்காரர்கள் ஒதுங்க இடம் தேட வேண்டும் என்பது கட்டளை. படகுத்துறைக் கூரையின் கீழ் ஆறு பேருக்கு இடம்.

“நாயையும் ஒரு ஆளா எண்ணியிருக்குக்கா. படகுக்காரருக்கு இடமில்லாம போச்சு.”

“அப்ப அவரு எங்க?”

அந்தப் பெண் திரையின் பார்வையை ஊருக்கு வெளியே நகர்த்தினாள். வயல் போனது, குன்று போனது. வரைந்த நிலமே முடிந்து, மரமோ மண்ணோ இல்லாத வெறும் சாம்பல் நிறம் வந்தது. அதில் ஒற்றை ஆளாகப் படகுக்காரர் போய்க்கொண்டிருந்தார். மழை அவர்மேல் மட்டும் பெய்தது. ஒரு கையால் தொப்பியைப் பிடித்தபடி, தலை குனிந்து, ஒதுங்க இடம் தேடி நடந்தார். கேமின் கணக்கில் பத்தொன்பது நாளாக நடக்கிறார். நில் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

சுவரக்கா திரைக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். இத்தனை நாள் அந்த ஊரைத் தனித்தனிச் சுவர்களாகவே பார்த்திருந்தார். ஒரு நாய்க்குப் போட்ட ரொட்டித் துண்டு ஒரு மனிதரை உலகத்தின் விளிம்பைத் தாண்டி அனுப்பியிருந்தது.

நாயை எண்ணாதே என்று ஒரு வரி எழுதினார்கள். மறுநாள், அந்த வரியால் மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் ஆடுகள் கொட்டகைக்குள் போக மறுத்து நனைந்தன. ஆடுகளைச் சரிசெய்தால் சந்தைக் கதவுகள் திறக்கவில்லை. மேலாளர் நேரில் வந்து, பழைய பதிவில் இன்னும் நடக்கிற அந்த மனிதரை ஐந்து நிமிடம் பார்த்தார். “தேதிய தள்ளிடறேன்,” என்றார். ஏழு வாரம்.

கொழுந்தன் அறிவிப்பைப் படித்துவிட்டுக் கொதித்தான். அலுவலக விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது. சுவரக்கா வாயைத் திறக்கவில்லை. கேம் வெளியாகி, அவன் அதை ஆடி முடித்த பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னார்.

“நின்னுகூட பாக்கலையா அவரு?”

“இல்ல தம்பி. நடந்துக்கிட்டே இருந்தாரு.”

“ஒரு கதவு சரியா மூடலன்னா பத்து மாடிக்கும் லிப்ட் நின்னுடும். அதையே பெரிய விஷயம்னு நெனச்சிருந்தேன்,” என்றான்.

மறுநாள் காலை, ஆடியவர் ஒருவரிடமிருந்து அலுவலகத்துக்குக் கடிதம் வந்திருந்தது. பனிமலையில் ஒரு குல்லா, ஆள் இல்லாமல் தனியாக ஏறிப் போகிறதாம். சுவரக்கா பையைக்கூட இறக்கி வைக்காமல் கணினியைப் போட்டு, அதைத் தேடிக் கிளம்பினார்.