ஜனவரி வாரம் விற்பனைக்கு

ஒரு வாரத்தை விலைக்கு வாங்கலாம் என்று எனக்கு முதலில் சொன்னவர் டை கட்டிய ஓர் இளைஞர். இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய வருஷம். நாகர்கோவிலில் சேலை எடுத்த கடையில் ஒரு கூப்பன் எழுதிப் போட்டிருந்தேன். பரிசு விழுந்திருக்கிறது, கணவரோடு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று போன் வந்தது. ஓர் ஓட்டலில் ஏ.சி. அறையில் உட்காரவைத்து, முந்திரிப்பருப்பு கொடுத்து, கொடைக்கானல் மலையையும் பனியையும் திரையில் காட்டினார்கள். பரிசு ஒரு பிளாஸ்க். அது கைக்கு வருவதற்கு முன்னால் டைம்ஷேர் என்றால் என்ன என்று முழுக்கக் கேட்டாக வேண்டும்.

என் கணவருக்கு அது பிடிபடவே இல்லை. அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், பட்டா இல்லாத எதையும் சொத்தாக நினைக்க மாட்டார். "ரூம் நமக்கா, ஓட்டல்காரனுக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எங்கள் ஊர் அம்மன் கோயிலில் பூசை வைக்கும் குடும்பங்களுக்கு முறை உண்டு. இந்த மாதம் ஒரு வீட்டுக்கு, அடுத்த மாதம் இன்னொரு வீட்டுக்கு. கோயில் யாருக்கும் சொந்தமில்லை, முறை மட்டும் சொந்தம்.

"அதே மாதிரிதான். அந்த ரூம்ல வருஷத்துக்கு ஒரு வாரம் நமக்கு முறை" என்றேன்.

"அப்பம் மத்த நாள்ல அதே கட்டில்ல எவனெல்லாமோ படுப்பானா?" என்றார். இளைஞர் அவசரமாக அடுத்த படத்துக்குப் போனார்.

எனக்கு மலையும் பனியும் அவ்வளவு முக்கியமில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அடுப்புப் பற்றவைக்காத வாரம் ஒன்று கிடையாது. காய்ச்சலில் கிடந்தாலும் கஞ்சியை நானேதான் வைத்துக் குடித்திருக்கிறேன். மகன் வெளியூரில் காலேஜ் விடுதிக்குப் போன பிறகாவது வருஷத்தில் ஒரு வாரம் அடுப்படிப் பக்கம் போகாமல் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதனால் அந்த இளைஞரைக் குடைந்து எடுத்துவிட்டேன். போகாத வருஷமும் பராமரிப்புப் பணம் கட்ட வேண்டுமா? கட்ட வேண்டும். வாரத்தை மாற்றலாமா? மாற்றலாம், முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் போதும். ஆனால் கம்பெனியிடம் நேரடியாக வாங்கியவர்களுக்குத்தான் அந்த வசதி, வெளி ஆளிடம் கைமாற்றி வாங்கினால் எழுதியிருக்கும் வாரம் மட்டும்தான்.

"உங்களுக்கு எந்த வாரம் சார் சௌகரியம்?" என்று அவர் என் கணவரைக் கேட்டார்.

"சித்திரை கடைசி வாரம்" என்றார் இவர், யோசிக்காமல். "அந்த வாரம் லீவு கேட்டா எங்க ஆபீசரு மறுபேச்சு பேச மாட்டாரு."

பிறகு விலையைச் சொன்னார்கள். என் கணவர் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நாள் கழித்துப் பேப்பரில் ஒரு வரி விளம்பரம் வந்தது. அதே கம்பெனி, அதே கொடைக்கானல், ஜனவரியில் ஒரு வாரம் விற்பனைக்கு. போன் செய்து கேட்டால் அவர்கள் சொன்ன விலையில் கால்வாசிகூட இல்லை. எனக்குத் தலை வெடித்துவிடும்போல் இருந்தது. ஒரே மலை, ஒரே கட்டில், கைமாறினால் மட்டும் இப்படி விலை விழுமா? பழைய ஸ்கூட்டர் என்றால் தேய்ந்திருக்கும். வாரம் எப்படித் தேயும்? நேரில் போய் அந்த ஆளைப் பார்க்காமல் எனக்குச் சமாதானம் ஆகாது என்று கணவரை நச்சரித்துக் கிளப்பினேன்.

இனயம் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். கருங்கல்லில் பஸ் மாறிப் போனோம். மொசைக் போட்ட புது வீடு, வாசலில் மாதா படம் பதித்த டைல். விளம்பரம் கொடுத்தவர் பல வருஷம் கல்ஃபில் இருந்துவிட்டு அப்போதுதான் வேலையை விட்டு வந்திருந்தார். சம்பளம் நின்றுவிட்டது, பராமரிப்புப் பணம் மட்டும் வருஷா வருஷம் நிற்காமல் வருகிறது என்றார்.

"நீங்க போய்ப் பாத்தியளா? ரூமெல்லாம் எப்படி?" என்று கேட்டேன்.

"ஒருக்ககூடப் போனதில்ல."

எனக்குக் காரணம் தெரிந்தே ஆக வேண்டும். "ஏன்?"

அவர் சிரித்தார். "வருஷத்துல ஒருக்கதான் லீவுல வருவேன். வித்த கம்பெனிப் பயல் எந்த வாரம் வேணும்னு கேட்டான். நான் கண்டிப்பா ஊருல இருக்கப்பட்ட வாரத்தச் சொன்னேன். சரிதானே சாரே?"

"சரிதான்" என்றார் என் கணவர்.

"நான் ஊருக்கு வாறதே மாதா கோயில் திருவிழாவுக்குத்தானே! கொடியேத்திட்டாங்க, சொந்தக்காரங்க எல்லாரும் வந்து வீடு நெறஞ்சு கெடக்கு. அதப் போட்டுட்டுக் கொடைக்கானல்ல போய்க் கெடக்க முடியுமா?"

நாங்கள் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சாயா டம்ளரோடு வந்து நின்ற அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. நான் டம்ளரைக் கொண்டு வைக்கும் சாக்கில் அவள் பின்னாலேயே அடுப்படிக்குப் போனேன். பிரிட்ஜ் கதவில் ரிசார்ட்டின் கலர்ப் படம் ஒட்டியிருந்தது. ஓரமெல்லாம் எண்ணெய்க் கை பட்டு மஞ்சளித்திருந்தது.

"அக்கா, நீங்க போயிட்டு வந்து எனக்கு ஒரு போன் போடணும்" என்றாள். "அங்க பனி ரூமுக்குள்ள வருமா, இல்ல வெளியதான் நிக்குமா? எனக்கு அது மட்டும் தெரியணும்."

"நீயும் எங்கயும் போனதில்லையா மக்கா?"

"வேளாங்கண்ணிக்குப் போனோம். ஒரு வேன் நெறய ஆளு. எல்லாருக்கும் சோறு நான்தான் பொங்கினேன்."

அந்த டை கட்டிய இளைஞர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்கள் கம்பெனியிடம் நேரடியாக வாங்கியவர்கள். வாரத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். நான் வாங்கினால் என்னால் முடியாது. விலை ஏன் விழுகிறது என்பதற்கு விடை அதுதான், கைமாறினால் வாரத்திலும் ஒன்று தேய்கிறது, மாற்றிக்கொள்ளும் வசதி. சொன்னால் இவர்கள் விற்க மாட்டார்கள், எனக்கு அந்த விலையில் இனி ஒரு வாரம் கிடைக்காது. சொல்லாமல் போய்விடலாமா என்றும் நினைத்தேன். பிரிட்ஜைப் பார்த்தபடி அப்படி நினைக்க முடியவில்லை. முன்னறைக்கு வந்து எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "அந்தப் பயல் சொல்லியிருப்பான். எனக்கு அப்பம் பிளைட்டுக்கு நேரமாச்சு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கணவர் பொரிந்து தள்ளினார். "ஏட்டி, நீ வாங்கப் போனியா, விக்க விடாமப் பண்ணப் போனியா?" எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்ல காரியம் செய்த நிம்மதியெல்லாம் இல்லை. என் வாரம் போனதே என்றுதான் இருந்தது.

ஆவணியில் ஒரு காலை, தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அவள்தான். எடுத்த எடுப்பிலேயே கத்தினாள்.

"அக்கா, பனி உள்ள வருது! ஜன்னலத் தொறந்தா கட்டில் வரைக்கும் வருது! இங்க அடுப்பும் இருக்கு, ஆனா நான் தொடவே இல்ல. அவருதான் கட்டஞ்சாயா போடுதாரு."

சந்தோஷமாக இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. கையில் தோசைத் திருப்பியோடு நின்றவளுக்கு வேறு எப்படி இருக்கும்?

"ரூம்ல நாலு பேரு படுக்கலாம் அக்கா. மறு வருஷம் நீங்களும் சாரும் எங்ககூட வரணும். நீங்களும் சமைக்கண்டாம், நானும் சமைக்கல்ல. வாரத்த எழுதிக் குடுக்கதுக்கு முன்ன ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஒங்க ஊருல கோயில் கொடைத் திருவிழா எப்போ?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவரிடம் திரும்பினேன். "நம்ம ஊரு கொடை எப்பம்னு கேக்கா."

"சித்திரை கடைசிச் செவ்வாய். வருஷா வருஷம் அதுக்குத்தானே நான் லீவே..." என்று தொடங்கியவர் வாயில் தோசையோடு பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டார். அன்றைக்கு அதே வாரத்தைக் கேட்டுவிட்டு அவர் எடுத்துவந்த பிளாஸ்க் மேசை மேல் இருந்தது.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தோசை கருகிப் புகைந்தது. அடுப்பை அணைத்துவிட்டுப் போனில் சொன்னேன்: "சித்திரை மட்டும் வேண்டாம் மக்கா. மத்தபடி எந்த வாரமானாலும் நான் வாறேன்."