மனாங் செபியாவுக்கு ஒரே நாளில் எழுந்த வீடு

வெள்ள நிவாரணம் வாங்குவதில் மனாங் செபியாவை மிஞ்ச இந்தப் பூமியில் ஆள் கிடையாது. நோவா கப்பலை விட்டு இறங்கிய அன்று இவள் மட்டும் கரையில் இருந்திருந்தால், எந்த வரிசையில் நிற்பது, எந்தத் தாளுக்கு எத்தனை நகல் என்று அவருக்கே சொல்லிக்கொடுத்து, யானை ஜோடிக்கும் சேர்த்து அரிசி வாங்கித் தந்திருப்பாள்.

ககயான் ஆற்றங்கரையில் அறுபத்தொரு வயதுக்குள் ஏழு பெரிய வெள்ளம் பார்த்தவள். இந்தப் பக்கம் மூத்தவளை மனாங் என்பார்கள், மூத்தவரை மனோங்; அக்கா, அண்ணன் மாதிரி. ஜீப்னி வண்டி நிற்குமிடத்தில் அவித்த சோளம் விற்பாள். வாக்காளர் அட்டையைப் பிளாஸ்டிக்கில் சுற்றி ரவிக்கைக்குள் வைத்திருப்பாள். ஓடிப்போன புருஷனின் படத்துக்குக்கூட அந்த இடம் கிடைத்ததில்லை.

ஏழு தடவையும் அவள் வீடு பாதிதான் போயிற்று. பகுதிச்சேதம் என்று எழுதி, ஒரு பை அரிசியும் மத்தி மீன் டப்பாக்களும் கொடுத்தார்கள். "அந்த மீனுக்கே என் மூஞ்சி அடையாளம் தெரியும்" என்பாள். எட்டாவது வெள்ளம் நவம்பரில் வந்தது. நாலு தூண் மட்டும் மிஞ்சியது. முழுச்சேதம் என்று பட்டியலில் ஏறிய வீட்டுக்குத் தகரம், மரம், சிமெண்டு எல்லாம் தருவதாக அறிவித்தார்கள். பட்டியல் எழுத நகராட்சியிலிருந்து ஆள் வந்து படம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எல்லோரும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். செபியா அங்கே பொதுவாகச் சொல்லி வைத்தாள்:

"என் வீட்டுப் பக்கம் யாரும் ஒரு குச்சியக்கூட நிமித்தி வைக்க வேணாம்."

ஏன் என்று சொல்லவில்லை. தகரத்துக்கு ஆசைப்படுகிறாள் என்று பேராகிவிடும் என்ற வெட்கம். கேட்டவர்களுக்கோ அந்த 'வேணாம்' வேறாகப் பட்டது. இங்கே சாப்பிடக் கூப்பிட்டால்கூட இரண்டு தரம் வேண்டாம் என்றுவிட்டுத்தான் உட்காருவார்கள். மனாங் மரியாதைக்குச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அவள் ஒரு சான்றிதழுக்காக டவுனுக்குப் போன அன்று, யாரோ ஒரு மூளையில்லாதவன் பேச்சைக் கிளப்பினான். "அவளுக்குத் தெரியாம வீட்டக் கட்டி வெச்சிடலாம். வந்து பாக்கறப்போ அந்த மூஞ்சியப் பாக்கணும்." இருபது பேர் கிளம்பிவிட்டார்கள். ஆறு ஒதுக்கிய பலகை, வளைந்த தகரம், கல்லில் தட்டி நிமிர்த்திய ஆணி.

சாயங்காலம் ஜீப்னியிலிருந்து இறங்கியவள் நாலு சுவரையும் ஒரு கூரையையும் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள்.

"பாத்தீங்களா, பேச்சே வரல" என்று ஊர்த்தலைவரான கப்பித்தானின் மனைவி கை தட்டினாள்.

மனைவியை இந்த வெள்ளத்தில் பறிகொடுத்த மனோங் இங்கோ முன்னால் வந்தார். "கதவு என்னோடது, மனாங். எங்க வீட்ல மிஞ்சினது அது ஒண்ணுதான். வீடில்லாதவனுக்குக் கதவு எதுக்கு?"

பான்சித் நூடுல்ஸ் சமைத்திருந்தார்கள். செபியா இரண்டு தட்டு சாப்பிட்டாள். அவள் ஒரு தரம்கூடச் சிரிக்காததை ஒருவரும் கவனிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் கடப்பாரை ஒன்றை இரவல் வாங்கி வந்தாள். எங்கே தொடங்கினாலும் முதலில் கதவைத்தான் பெயர்க்க வேண்டியிருந்தது. கீலுக்கடியில் முனையைக் கொடுத்துவிட்டு வெகுநேரம் அப்படியே நின்றாள். பிறகு அதைச் சுவரோரம் சாத்திவிட்டு வாசலைப் பெருக்கினாள்.

நகராட்சிப் பெண் பத்து மணிக்கு வந்தாள். "ஆள் குடியிருக்கிற வீடா, மனாங்?"

"மேடம், முந்தாநாள் வந்திருந்தீங்கன்னா..."

அதற்குள் இங்கோ ஓடி வந்தார். "கெட்டியான வீடு, மேடம். கதவத் தட்டிப் பாருங்க." அவரே தட்டிக் காட்டினார்.

அந்தப் பெண் செபியாவைப் பார்த்தாள். "ஏதோ சொல்ல வந்தீங்களே."

செபியா இங்கோவின் கையைப் பார்த்தாள். அது இன்னும் கதவின் மேலேயே இருந்தது.

"ஒண்ணுமில்ல, மேடம். நல்ல வீடு."

பகுதிச்சேதம். அரிசி, மத்தி மீன்.

பத்தொன்பதாம் நாள் அடுத்த புயல் வந்தது. தண்ணீர் ஏறும்வரைகூட வீடு காத்திருக்கவில்லை. காற்றே பிடுங்கிக்கொண்டு போயிற்று, கதவோடு. நகராட்சியில் கேட்டாள். அந்தப் பட்டியல் மூடியாயிற்று, அடுத்த அறிவிப்பு வரட்டும் என்றார்கள். அறிவிப்பு வரவில்லை. இப்போது தூண்கள்மேல் உயர்த்திக் கட்டிய சித்தி மகள் வீட்டுக்கடியில், பன்றிக்குப் பக்கத்தில் படுக்கிறாள். சோள வயலெல்லாம் மணல். எந்தத் தாளுக்கு எத்தனை நகல் என்று யாராவது கேட்டால், தெரியாது என்கிறாள்.

இதை எழுதியவன், அந்த இருபது பேரில் ஒருவன், அவள் எதிரில் குந்தி உட்கார்ந்து முழுசும் படித்துக் காட்டினான். நோவா வரும் இடத்தில் சிரிப்பாள் என்று நம்பியிருந்தான். அவள் சிரிக்கவில்லை. கடைசிவரை கேட்டாள்.

"யாரோ ஒரு மூளையில்லாதவன்னு எழுதியிருக்கியே."

"ஆமா, மனாங்."

"இந்தப் பன்னிக்குக்கூடப் பேர் வெச்சிருக்கோம். அவனுக்கு மட்டும் பேர் இல்லியா, தோரோ?"