கிணற்றுக்கே திரும்பிய தண்ணீர்

தொண்ணூறுகளின் நடுவில் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில், பாய்லருக்குப் போகும் தண்ணீரைச் சுத்தம் செய்யும் பிரிவில் இருந்தேன். சவ்வு வடிகட்டியைப் பற்றிப் பேச இந்த வட்டாரத்தில் என்னைவிட்டால் ஆளில்லை என்று ஒரு நினைப்பு.

அந்த நினைப்பை நம்பி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு மாணவியர் விடுதியின் வார்டன் டீச்சர் வந்தார். கையில் ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீர், லேசான மஞ்சள். விடுதிக்குப் பின்னால் முன்பு முலாம் பூசும் பட்டறை இருந்ததாம். சோதனை மருந்தைச் சொட்டினேன். தண்ணீர் ஊதாவாக மாறியது. குரோமியம்.

"இதக் குடிக்கலையே டீச்சர்?"

"தெருக்குழாய்லதான் பிடிக்கோம் தம்பி. அது நெனச்சா வருது, இல்லாட்டி இல்ல."

மேலாளரிடம் கேட்டு, ஆலையில் சும்மா கிடந்த சிறிய வடிகட்டியைக் கொண்டுபோய் மாட்டினேன். ஒரு மாதம் சோதித்த பிறகுதான் குடிக்க வேண்டும் என்றேன். சவ்வின் துளைகள் எவ்வளவு நுண்மையானவை என்று அரைமணி நேரம் விளக்கினேன். டீச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு வடிகட்டியிலிருந்து வெளியே வந்த இரண்டாவது குழாயைக் காட்டினார்.

"இதுல வர்றது?"

"அது வேண்டாத தண்ணி."

"பாதித் தண்ணி வேண்டாததா?" வடித்த சோற்றைக் குப்பையில் கொட்டியவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

வாராவாரம் போய்ச் சோதித்தேன். நாலாவது வாரம் கிணற்றுத் தண்ணீர் முன்னைவிட அடர்ந்த ஊதா காட்டியது. வடிகட்டியதிலும் ஊதா தட்டியது. சவ்வைச் சந்தேகப்பட்டேன், பம்பைச் சந்தேகப்பட்டேன், எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி மாட்டினேன். கடைசியில்தான் அந்த இரண்டாவது குழாயின் வழியே நடந்தேன். அது சமையலறையைச் சுற்றி, செம்பருத்திச் செடியில் அழகாகக் கட்டப்பட்டு, நேராகக் கிணற்றுக்குள் இறங்கியது.

"நாந்தான் விட்டேன்," என்றார் டீச்சர். "கிணத்துத் தண்ணிதான, வீணாப் போவானேன்?"

"பிரிச்செடுத்த விஷம் அம்புட்டும் அதுலதான் இருக்கு டீச்சர்!"

"அத நீங்க சொல்லவே இல்லையே தம்பி. ஓட்டை எம்புட்டு சிறுசுன்னுதான சொன்னீங்க?"

அப்போதே குழாயைக் கிணற்றிலிருந்து வெளியே இழுத்துப் போட்டேன்.

அந்தத் தண்ணீருக்கென்று கசியாத சிமெண்டுத் தொட்டி கட்டினோம். அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் சுண்ணாம்பும் போட்டால் குரோமியம் பச்சைச் சேறாகப் படியும். அதை மூடி போட்ட டிரம்மில் அடைத்து வைத்தோம். டிரம்முக்குப் பூட்டு, சாவி டீச்சர் இடுப்பில். தொட்டிப் பக்கம் போனால் திரும்பும்போது என்னையே, "கை கழுவுனீங்களா?" என்று கேட்பார்.

கிணறு தெளியப் பல மாதங்கள் ஆயின. வடிகட்டிய தண்ணீர் ஒரு மாதம் முழுக்கச் சோதனையில் நிறம் மாறாமல் நின்ற பிறகு, பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் டீச்சர் தானே முதல் டம்ளரைக் குடித்தார்.

"ருசியே இல்லையே தம்பி," என்றவர், இன்னொரு டம்ளர் பிடித்துக் குடித்தார்.