அறுபத்தொரு காலியிடங்கள்

ரைலியை அலுவலகத்தில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள் என்று முதல் மாடி ஹெல்வி சொல்லிக்கொண்டு திரிகிறாளே, அது சுத்தப் பொய். ரைலிக்கு மூளை கலங்கிவிட்டது என்கிறது இன்னொரு கட்சி. என்ன ஆதாரம் என்று கேட்டால், மாடிப்படிச் சுவரில் தொங்கும் பட்டியலை, கட்டடத்துப் பொது நீராவிக் குளியலறையான சவுனாவுக்கு யார் எப்போது போவது என்ற முறைப் பட்டியலைக் காட்டுகிறார்கள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு நேராக இருந்த ரைலி பெசோனென் என்ற பெயரை அவளே பேனாவால் அடித்திருக்கிறாளாம். ஒன்பது வருஷம் விடாமல் போன முறையைப் புத்தி தெளிவாக இருக்கிற எந்த மனுஷி விட்டுக்கொடுப்பாள் என்கிறார்கள். விட்டுக்கொடுப்பாள். சவுனாவுக்கு வெளியே ஒரு பெஞ்சு கிடக்கிறதே, அதில் உட்கார முகமில்லாதவள் விட்டுக்கொடுப்பாள். கடைசிவரை கேட்டுவிட்டு அப்புறம் யாரும் எதுவும் பேசட்டும்.

ரைலியின் முறை ஐந்திலிருந்து ஆறு வரை. அவளுக்கு அடுத்தது மூன்றாம் மாடி ஐமோ ரிஸ்ஸானென். இவள் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்து துண்டைச் சுற்றிக்கொண்டு பெஞ்சில் ஆறுவாள். அவன் ஒரு துண்டும் இரண்டு பீர் டப்பாவுமாகக் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடுவான். பத்து நிமிஷம் உட்காருவார்கள். பேசினால் உண்டு, பேசாவிட்டாலும் உண்டு. இரண்டு பேரும் தனிக்கட்டை. அதற்கு மேல் அங்கே ஒன்றுமில்லை, ஹெல்வி எதை நினைத்துக்கொண்டு ஜன்னல் திரையை விலக்கினாலும் சரி.

ஐமோ காகித ஆலையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவன். ஆலையை இழுத்து மூடியபோது அவனுக்கு நாற்பத்தெட்டு வயது. ஊரில் பாதிப் பேருக்கு அதே கதி. ரைலி வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருந்தாள். அவள் வேலை ஆள் எடுப்பதல்ல, எண்ணுவது. எந்தத் தொழிலுக்கு எந்த வட்டாரத்தில் ஆள் தேவை, எங்கே ஆள் மிதமிஞ்சிக் கிடக்கிறது என்று வருஷத்துக்கு இரண்டு முறை ஒரு வரைபடம் போடுவாள். ஆள் பற்றாக்குறை என்றால் சிவப்பு, மிஞ்சிக் கிடந்தால் நீலம். நர்சுக்கு எல்லா வட்டாரமும் சிவப்பு. சமையல்காரருக்குப் பனிச்சறுக்கு மலைப்பக்கம் மட்டும் சிவப்பு. கணக்கெழுதுகிறவர்களுக்கு எங்கே பார்த்தாலும் நீலம். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பள்ளிக்கூடங்கள் வகுப்பு திறக்கும், ஜனங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊர் மாறுவார்கள். ரைலிக்கு அது தெரியும். படத்தில் ஒரு தவறு வந்ததென்று அதுவரை யாரும் சொன்னதில்லை என்பதில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு மிதப்பும் உண்டு.

ஆலை மூடிய அந்தக் குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஐமோ பெஞ்சில் உட்கார்ந்து, டப்பாவைத் திறக்காமல் உருட்டிக்கொண்டே கேட்டான். இந்த வயதில் புதிதாக எதையாவது படித்தால் பிரயோஜனம் உண்டா, உண்டென்றால் எதை? மார்ச் மாதப் படம் வரட்டும், பார்த்துச் சொல்கிறேன் என்றாள்.

மார்ச்சில் படம் போட உட்கார்ந்தாள். வருஷக்கணக்காக நீலமாகவே கிடந்த கடற்கரை வட்டாரத்தில் வெல்டிங் வேலைக்கு அறுபத்தொரு காலியிடம். அவளுக்கே புல்லரித்தது. வழக்கம்போல விளம்பரங்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒன்று ஏதோ பட்டறை, ஒரே ஒரு இடம். மற்ற அறுபதும் ஆள் அனுப்பும் கம்பெனிகள் நான்கு போட்டவை, கம்பெனிக்குப் பதினைந்து இடம். முதல் விளம்பரத்தில், கப்பலின் அடித்தொட்டிக்குள் ஊர்ந்துபோக உடம்பு இடம் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. ரயில் நிலையத்திலிருந்து காலை ஐந்து நாற்பதுக்கு வண்டி கிளம்பும் என்றும் இருந்தது. இரண்டாவதிலும் அதே தொட்டி, அதே ஐந்து நாற்பது. மூன்றாவதிலும், நான்காவதிலும். பேனாவை அங்கேயே வைத்துவிட்டாள். நான்கு வண்டி இல்லை. ஒரே வண்டி. ஒரே கப்பல் தளம் ஒரே பதினைந்து பேரை நான்கு தரகர்களிடம் கேட்டிருக்கிறது.

மேலதிகாரி பேத்ரியிடம் போய்ச் சொன்னாள். அவன் வயதில் சின்னவன், கெட்டவனும் இல்லை. எல்லா இடத்திலும் விளம்பரத்தைத்தான் எண்ணுகிறார்கள், நாம் மட்டும் கழித்தால் நம் படம் மட்டும் வெளிறிப் போகும் என்றான். போன முறை தலைநகரத்திலிருந்து பாராட்டு வந்து, காபியோடு கேக் வெட்டியதையும் ஞாபகப்படுத்தினான்.

அவன் சொன்னதற்காக மட்டும் அவள் பேசாமல் இருந்துவிடவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை ஐமோவிடம் வெறுங்கையோடு போய் உட்கார அவளுக்கு மனமில்லை. ஊர் முழுக்க நீலத்தையே காட்டி அலுத்துப்போனவள். ஒரு சிவப்பு கிடைத்தது, நீட்டினாள்.

"அறுபத்தொண்ணு, ஐமோ. கடற்கரைப் பக்கம். வெல்டிங்."

"அடேங்கப்பா. அதுல ஒண்ணு கூடவா எனக்கு மாட்டாது," என்று சொல்லி அவன் டப்பாவைத் திறந்தான்.

அவன் பதினாறு மாதம் படித்தான். மகன் வயதுப் பையன்களோடு ஒரே வகுப்பில். வெள்ளிக்கிழமை தவறாமல் பெஞ்சுக்கு வந்து கையில் பட்ட தீப்பொறித் தழும்புகளைக் காட்டுவான். ரைலி பார்த்துத் தலையாட்டுவாள். இந்த வாரம் சொல்லிவிடலாம் என்று சவுனாவுக்குள் சுடுகல்லில் தண்ணீர் ஊற்றும்போது நினைப்பாள். வெளியே வந்ததும், அதற்குள் நிஜமாகவே இடம் கூடியிருக்கலாம் என்று நினைத்துக்கொள்வாள். நடுவில் வந்த இரண்டு படத்திலும் அதே விளம்பரங்கள் இருந்தன, அவளும் அதே அறுபத்தொன்றையே போட்டாள். அவன் சான்றிதழ் வாங்கிய அன்றைக்கு இலவங்கப்பட்டை ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். அவன் இரண்டைத் தின்றுவிட்டு மூன்றாவதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு போனான். அதை இப்போது நினைத்தாலும் அவளுக்கு உடம்பு கூசும்.

ஆகஸ்டில் கடற்கரைக்குப் போனான். நான்கு கம்பெனிக்கும் எழுதிப்போட்டு, நான்கும் வரச் சொல்லியிருந்தன. நான்கு பேரும் அனுப்பியது ஒரே வாசலுக்கு, ஒரே மேஸ்திரியிடம். முதல் நாள் போனபோது அந்த மேஸ்திரி, ஆள் நிரம்பி வருஷமாகிறது, பெயர் மட்டும் கொடுத்துவிட்டுப் போ என்றார். நான்காம் முறை பார்த்தபோது சிரித்தே விட்டாராம். மூன்று வாரத்தில் திரும்பி வந்துவிட்டான்.

இங்கேதான் தப்பு நடந்தது. ஐமோ கணக்கைச் சந்தேகப்படவில்லை. அரசாங்கம் போட்ட படம், அதுவும் ரைலி வாயால் சொன்ன எண். அவன் சந்தேகப்பட்டது தன்னைத்தான். ஆள் நிரம்பிவிட்டது என்று மேஸ்திரி சொன்னதைச் சாக்குப்போக்கு என்று எடுத்துக்கொண்டு, நான்கு கம்பெனியும் தன்னை வேண்டாமென்று தள்ளிவிட்டதாகவே நினைத்தான். அறுபத்தொரு இடத்தில் ஒன்றுக்குக்கூட லாயக்கில்லை, ஐம்பது வயதுக் கை நடுங்குகிறது போலிருக்கிறது என்று பெஞ்சில் உட்கார்ந்து சாதாரணமாகச் சொன்னான். வெல்டிங் முகக்கவசத்தை விற்றுவிடப் போகிறேன் என்றான். ரைலி துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அன்றைக்குப் படியேறும்போதுதான் பட்டியலில் தன் பெயரை அடித்தாள்.

அக்டோபரில் நம் கட்டடத்து முற்றம் கூட்டும் நாள் வந்தது. எல்லாரும் சேர்ந்து இலை வாரி, கடைசியில் தொத்திறைச்சி சுட்டுத் தின்போமே, அந்த நாள். வராதவர்களை வருஷம் முழுக்கப் பேசுவார்கள் என்பதால் ஐமோவும் வந்தான், ரைலியும் வந்தாள், ஆளுக்கு ஒரு மூலையில். ஹெல்விக்கு வாய் சும்மா இருக்குமா?

"அறுபத்தோரு நாற்காலி காலியா கெடந்துச்சாம். உனக்கு மட்டும் உக்கார எடம் இல்லையாக்கும், ஐமோ?"

எல்லாரும் சிரித்தார்கள். ஐமோவும் சேர்ந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே கையிலிருந்த இலைவாரியின் பல்லைக் குனிந்து பார்த்தான், அதில் என்னவோ சிக்கிக்கொண்ட மாதிரி. அந்தக் கேலி தனக்கு வர வேண்டியது என்று ரைலிக்குத் தெரியும். இரண்டே அடி முன்னால் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் இலையைச் சாக்கில் அள்ளிப் போட்டாள். ஒரு சாக்கு நிறைந்ததும் இன்னொரு சாக்கை எடுத்தாள்.

நான்கு நாள் பொறுத்தாள். புதன்கிழமை வேலை முடிந்து வந்தவள் மேலங்கியைக் கூடக் கழற்றாமல் மூன்றாம் மாடிக்குப் போய் மணி அடித்தாள். ஐமோ கதவைத் திறந்து, காபி போடவா என்றான். வேண்டாம் என்று வாசலிலேயே நின்றாள்.

"ஐமோ, அறுபத்தொண்ணு இல்ல. பதினாறுதான் இருந்துச்சு. ஒரே பதினஞ்சு இடத்த நாலு தடவ எண்ணியிருக்கேன்."

அவன் கொஞ்ச நேரம் அவள் காலணியைப் பார்த்தான். "எப்பத் தெரியும் உனக்கு?"

"மார்ச்சுல."

"எந்த மார்ச்சுல?"

"நீ படிக்கப் போறதுக்கு முன்னால."

வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தழும்புகள் வெள்ளையாகிவிட்டிருந்தன.

"அப்ப என் கையில கோளாறு இல்ல."

"இல்ல. உன் கை நல்லாத்தான் இருக்கு."

"தெரிஞ்சுகிட்டே இத்தனை வெள்ளிக்கிழமை பக்கத்துல உக்காந்திருந்திருக்க."

அவன் கத்தவில்லை. இன்னைக்குப் போயிடு ரைலி என்று சொல்லிக் கதவை மெதுவாகச் சாத்தினான். அறைந்து சாத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் வியாழக்கிழமை. அலுவலகச் சமையல்கட்டில் பட்டாணி சூப் கொதிக்கும் வாசனை பத்து மணிக்கே வந்துவிட்டது. இலையுதிர்காலப் படத்தில் கடற்கரை வட்டாரத்துக்கு நேராக அவள் பதினாறு என்று எழுதி, அதற்கு நேராக ஆள் நிரம்பிவிட்டது என்றும் எழுதி, பேத்ரி முன்னால் வைத்தாள். அவன் நெற்றியைத் தேய்த்தான். அறுபத்தொன்று திடீரென்று எங்கே போனதென்று மேலே கேட்பார்களே என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, அவளுக்கு உதவி செய்கிறவன் போலவே சொன்னான்.

"இப்ப நாப்பத்தஞ்சுன்னு போடுங்க. அடுத்த தடவ முப்பது. படிப்படியா எறக்கிட்டா யாருக்கும் தெரியாது, ரைலி. உங்க பேரும் கெடாது."

"நாப்பத்தஞ்சப் பாத்துட்டு எத்தன பேரு படிக்கப் போவாங்க, பேத்ரி?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

யாரும் அவளைத் தள்ளவில்லை, ஹெல்வி கேட்டுக்கொள்ளட்டும். வேலை வேண்டாமென்று அலுவலகச் சாவியைத் தானே மேஜைமேல் வைத்தாள். மேலங்கியைப் போட்டுக்கொண்டாள். அவளுக்காக ஊற்றி வைத்த சூப் ஆடை படிந்து அங்கேயே இருந்தது. வெளியே போக ஜனங்கள் காத்திருக்கும் கூடத்தைத் தாண்ட வேண்டும். அங்கே சுவரில் மார்ச்சிலிருந்து அவள் படம் தொங்கியது. அவள் அதைக் கிழித்தாள் என்று பேசுவதும் பொய்தான். படத்துக்குக் கீழே ஒரு ஆணும் பெண்ணும், மடியில் காகிதங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். ரைலி அவர்கள் முன்னால் நின்றாள். காது வரை சிவந்துவிட்டாள்.

"கடற்கரையில காட்டியிருக்கிற வெல்டிங் வேலை எண்ணிக்கை தப்பு. பதினாறுதான். அதுவும் நெறஞ்சு போச்சு. தப்பா எண்ணினது நான்தான்."

அந்தப் பெண் படத்தை அண்ணாந்து பார்த்தாள். ஆண் ரைலியைப் பார்த்தான், பைத்தியம் ஏதாவதா என்று பார்க்கிற மாதிரி. பிறகு, அவள் போக வழிவிட்டுத் தன் நீட்டிய காலை மடக்கிக்கொண்டான். ரைலி அவனுக்கு நன்றி சொல்லிவிட்டு, மேலங்கியின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டு, வாசலைத் தாண்டி வெளியே நடந்தாள்.