தரையில் நின்ற படகு

திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகும் வழியில், எங்கள் மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவில், ஒரு பாய்மரப் படகு ஒன்றரை வருஷம் நின்றது என்றால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. கடல் மரக்காணத்தில் இருந்தது. படகு எங்கள் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்தது. நடுவில் இருந்த தூரத்தைப் பற்றி மாமா ஒருவர்தான் கவலைப்படவில்லை.

மாமா என் அம்மாவுக்கு ஒரே தம்பி. சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்துவிட்டுத் திரும்பியவர். புதுச்சேரியில் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் ஒருவரிடம் படகை வாங்கி, நிறுத்த இடமில்லாமல் லாரியில் ஏற்றி அக்கா வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். அதற்கு அம்மாவைவிட வயது அதிகம். மேல்தளத்தில் கால் வைத்தால், உள்ளே ஊறிப்போன பலகை மெத்தை மாதிரி அமுங்கும். இன்ஜின் இருமுவதோடு சரி. பாய்மரத்தைக் கழற்றி இரண்டு கல்தூண்களின் மேல் கிடத்தியிருந்தார்கள். அம்மா அதில் துணி காயப்போட்டாள். மாமாவோ படகின் அடிப்பக்கத்தைத் தட்டிக்காட்டி, அந்தக் காலத்தில் ஃபைபருக்கு எவ்வளவு பலம் என்று தெரியாமல் பயந்து பயந்து கனமாகப் போட்டிருக்கிறார்கள், இப்போது வருவதெல்லாம் இதற்கு முன்னால் நிற்காது என்பார். பெண் பார்க்கப் போன இடத்திலும் இதைத்தான் பேசினார் என்று அப்பா சொல்வார்.

பெரிய பேஜாரு ஒன்றுதான். மழை பெய்த மறுநாள் படகுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். அடியில் ஓட்டை என்று எல்லாரும் முடிவுகட்டினோம். மாமா படகுக்கு அடியில் மல்லாந்து படுத்து மூன்று முறை பூசினார். மூன்று முறையும் தண்ணீர் நின்றது.

கடைசியில் அம்மா ஒரு கெடு வைத்தாள். அடுத்த மழைக்கும் தண்ணீர் நின்றால் படகைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, அப்பா சொல்லி வைத்திருக்கும் விழுப்புரம் ஓட்டல் வேலைக்கு மாமா போய்விட வேண்டும். மாமா தலையாட்டினார். அதற்கப்புறம் அவர் சரியாகச் சாப்பிடவே இல்லை. அம்மா போட்ட சோறு அப்படியே திரும்பி வந்தது. நான்காம் வகுப்பு படித்த எனக்கு அம்மாவின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மழை பெய்தது. விடிந்ததும், யாரும் பார்ப்பதற்குள் தண்ணீரை மொண்டு கொட்டிவிடலாம் என்று குண்டானோடு படகில் ஏறினேன். உள்ளே அம்மா உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்குக் கீழிருந்த மெத்தைகளைத் தூக்கிவிட்டுப் பலகையில் கோலமாவு தூவியிருந்தாள். ஜன்னல் ஓரமாகச் சொட்டிய இடங்களில் மாவு நனைந்து, கோடு கோடாக அடித்தட்டு வரை இறங்கியிருந்தது.

"தரையில நின்னுக்கினு இருக்கிற படகுக்கு அடியிலருந்து ஏதுடி தண்ணி? கண்ணாடி ரப்பரு செத்துப்போச்சு, மேலருந்து ஒழுவுது. அடி நல்லாத்தான் இருக்குது. போயி உங்க மாமாவ இட்டுக்கினு வா," என்றாள்.

மாமா பார்த்தார். அந்த ஈரத்திலேயே அக்காவின் காலடியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். ரப்பரை மாற்றிய பிறகு பெய்த மழையில் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஊறிய பலகையையும் மாற்றி, தை மாதம் படகு லாரி ஏறியது. இப்போது அது கொச்சியில் மிதக்கிறது. மாமா அதில் வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு போய் வருகிறார், மீன் குழம்பும் வைத்துப் போடுகிறார்.

அன்று காலை பலகையைத் துடைக்கும் வேலை எனக்கு வந்தது. நனைந்த மாவு சுலபமாகப் போய்விட்டது. அதற்கு அடியில், முந்தைய மழைகளில் நனைந்து காய்ந்த மாவு, அடுக்கடுக்காக இறுகிக் கிடந்தது. அதைக் கரண்டிக் காம்பால் சுரண்டித்தான் எடுத்தேன். முதல் மழையிலேயே தெரிந்துகொண்டு, தம்பி மறுபடியும் கடலுக்குப் போய்விடுவானே என்று அத்தனை நாளும் வாயைத் திறக்காமல் இருந்தவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். எனக்கு அது உறைக்கவில்லை. முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டேன்.

"எனக்கே இப்பத்தாண்டி தெரிஞ்சுது," என்றாள் அம்மா. நான் நம்பிவிட்டேன்.