அண்ணன் எழுதாத ஃபேக்ஸ்

அண்ணன் போய் ஓராண்டு ஆகிறது. அவருடைய நல்ல குணங்களை இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். தங்கையாகிய நான் ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

குத்தாலம் பக்கம், குத்தகை நிலத்தை நம்பியிருந்த வீட்டில் பிறந்தார். குறுவை பொய்த்த வருடங்களிலும் படிப்பை விடவில்லை. மயிலாடுதுறையில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்தார்.

அப்போது வெளிநாட்டிலிருந்து ஃபேக்ஸ் அனுப்பச் செலவு அதிகம். உலகமெங்கும் சில தன்னார்வலர்கள் ஆளுக்கு ஓர் ஊரை எடுத்துக்கொண்டார்கள். வெளியூர்க்காரர் மின்னஞ்சல் அனுப்பினால், அவர்களுடைய கணினி அதை வாங்கி, உள்ளூர் போன் அழைப்பிலேயே ஃபேக்ஸாக அனுப்பிவிடும். எங்கள் பகுதிக்கு அண்ணன். காசு வாங்கவில்லை. போன் எந்நேரமும் எங்கேஜ்டு.

"ஊருக்கெல்லாம் போன் போடுற மெஷின், எங்கம்மாவுக்கு ஒரு தடவை போடக்கூடாதா?" என்பார் அண்ணி.

சித்தப்பா மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவன் மஸ்கட்டில் இருந்தான். ஒருநாள் கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்கு, சித்தப்பா பெயருக்கு, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று ஒரு ஃபேக்ஸ் வந்தது. பூத்தில் நாலு பேர் படித்தார்கள். பெண் வீட்டார் விலகிக்கொண்டார்கள். போனில் கேட்டபோது, தனக்கு ஒன்றும் தெரியாது என்றான் மகன். ஃபேக்ஸில் கையெழுத்து கிடையாது; முதல் தாளில், அனுப்பிய நிலையம் என்று அண்ணன் பெயர்தான் இருந்தது.

சித்தப்பா கடைக்கே வந்தார். "உன் பேருதானடா மேல இருக்கு? என் வீட்டு விளக்க அணைச்சிட்டியே."

"நான் அனுப்புறவன் சித்தப்பா. எழுதுறவன் இல்ல."

அனுப்பியவரின் மின்னஞ்சல் முகவரியோடு அண்ணன் கணினியில் நகல் இருந்தது. "அதைக் காட்டிடேண்ணா" என்றேன்.

"ஒருத்தருக்குக் காட்டினா அப்புறம் எவன் நம்பி அனுப்புவான்?" என்று அதை அழித்துவிட்டார். சித்தப்பா வீட்டோடு பேச்சு நின்றது. கல்யாணத்தைக் கெடுத்தவன் என்று அண்ணனைப் பேசிய உறவினர்கள் பலர் இப்போது இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள்.

கடைசி மாதங்களில், தஞ்சாவூர் மருத்துவமனைக்கு அண்ணனைக் காரில் கொண்டுபோய் வந்தவன் அந்தச் சித்தப்பா மகன்தான். அங்கே ஒருநாள், "அன்னிக்கு அனுப்பினது நான்தாண்ணே" என்றான்.

"தெரியும்டா. வண்டிய நெழல்ல போடு" என்றார் அண்ணன்.

"உங்க அப்பாகிட்ட சொன்னியா?" என்று கேட்டேன். சாவியை எடுத்துக்கொண்டு வண்டியை நகர்த்தப் போய்விட்டான்.

மருத்துவர்களுக்கும், ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், காரியத்தன்று பந்தி பார்த்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கார் ஓட்டிய தம்பிக்கும் நன்றி.

சித்தப்பாவுக்கு இப்போது கண் தெரிவதில்லை. இந்த மலரை அவன்தான் அவருக்குப் படித்துக்காட்ட வேண்டும்.